உங்கள் பின்கோடு உங்களைப் பற்றி என்ன சொல்கிறது? சீத்தா கேம்பிலிருந்து ‘டேட்டா மைனிங்’ பற்றி ஒரு விளக்கம்

போனில் ஒரு கடன் ஆப்பைத் திறக்கிறீர்கள். பெயர், பான் எண், பிறந்த தேதி, முகவரி, கடைசியாக ஆறு இலக்கப் பின்கோடு. எல்லாம் கொடுத்து முடித்ததும், ‘மன்னிக்கவும், தற்போது உங்களுக்குக் கடன் வழங்க இயலவில்லை’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. ஏன்னு கேட்க அங்கே ஆள் கிடையாது. உங்கள் கடையை யாரும் வந்து பார்க்கவில்லை. உங்கள் நாணயத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் யாரும் விசாரிக்கவும் இல்லை. அப்புறம் எதை வைத்து முடிவு செய்தார்கள்?

உங்களை மாதிரி இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களின் பழைய கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்குக் குவியலைத் தோண்டி, அதில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பெயர்தான் ‘டேட்டா மைனிங்’. தமிழில் தரவு அகழ்வு என்கிறார்கள். சூப்பர் மார்க்கெட், வங்கி, டெலிவரி ஆப், காப்பீட்டு நிறுவனம் என இன்று இதைப் பயன்படுத்தாத பெரிய வியாபாரம் கிட்டத்தட்ட இல்லை.

மும்பை டிராம்பேயில், தமிழர்கள் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப் மாதிரியான ஒரு பகுதியில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் இன்னொரு கேள்வி எழும். இந்த வடிவங்கள் பயனுள்ளவைதான். ஆனால் யாருக்குப் பயன்? அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

டேட்டா மைனிங் என்றால் உண்மையில் என்ன?

மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். உங்கள் தெரு அண்ணாச்சிக்கு, யார் எப்போது என்ன வாங்குவார்கள் என்பது அத்துப்படி. இட்லி அரிசி வாங்குகிறவரிடம் ‘உளுந்து வேணாமா?’ என்று கேட்பார். மாதக் கடைசியில் யார் கடன் சொல்வார்கள், ஒண்ணாம் தேதி யார் வந்து அடைப்பார்கள் என்பதும் தெரியும். அவருடைய டேட்டா மைனிங் அவர் தலைக்குள்ளும் ஒரு நோட்டிலும் நடக்கிறது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிற நிறுவனத்துக்கு அது முடியாது. அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

எப்படி? ஒரு சின்னக் கணக்கு. எண்கள் கற்பனைதான், முறை உண்மையானது. ஒரு கடையில் 1,000 பில்கள். அதில் 200 பில்களில் இட்லி அரிசி இருக்கிறது. அந்த 200-ல் 150 பில்களில் உளுந்தும் இருக்கிறது. அதாவது, இட்லி அரிசி வாங்கினவர்களில் 75 சதவீதம் பேர் உளுந்தும் வாங்கியிருக்கிறார்கள்.

இது மட்டும் போதாது. மொத்த 1,000 பில்களில் உளுந்து எத்தனை பில்களில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 300 பில்கள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 30 சதவீதம். பொதுவாக 30 சதவீதம் பேர் வாங்கும் பொருளை, இட்லி அரிசி வாங்குகிறவர்கள் 75 சதவீதம் பேர் வாங்குகிறார்கள். இரண்டரை மடங்கு. இது உண்மையான தொடர்பு. இதுவே கேரி பேக் என்றால்? அது எல்லா பில்லிலும் இருக்கும். இட்லி அரிசிக்கும் அதற்கும் ஸ்பெஷலாக எந்தத் தொடர்பும் இல்லை. இப்படி, சும்மா சேர்ந்து வருவதையும் தொடர்போடு சேர்ந்து வருவதையும் பிரித்தெடுப்பதுதான் இந்த வித்தையின் அடிப்படை.

இதைப் பெரிய அளவில் வேகமாகச் செய்யும் வழியை 1994-ல் வெளியிட்டவர்கள் இரண்டு இந்தியர்கள். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும். அவர்களுடைய ‘அப்ரியோரி’ அல்காரிதம் ஒரு எளிய உண்மையில் நிற்கிறது: ஒரு பொருளே அபூர்வமாகத்தான் விற்கிறது என்றால், அது இடம்பெறும் எந்தச் சேர்க்கையும் அபூர்வமாகத்தான் இருக்கும். அதனால் அந்தச் சேர்க்கைகளை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. கோடிக்கணக்கான சேர்க்கைகளில் பெரும்பகுதியை இப்படி முதலிலேயே கழித்துவிடலாம்.

இன்று நிறுவனங்கள் செய்யும் வேலையைப் பெரும்பாலும் நான்கு வகையில் அடக்கிவிடலாம்:

• எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது. ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று ஆப் காட்டுவது இப்படித்தான்.
• ஒரே மாதிரி நடந்துகொள்ளும் வாடிக்கையாளர்களைக் குழுக்களாகப் பிரிப்பது.
• பழைய கணக்கை வைத்து, புதிதாக வருகிறவர் என்ன செய்வார் என்று ஊகிப்பது. கடனுக்கான மதிப்பெண் இந்த வகை.
• வழக்கத்துக்கு மாறான ஒன்றைப் பிடிப்பது. மோசடியைக் கண்டுபிடிக்க இதுதான் உதவுகிறது.

இதனால் நிறுவனங்களுக்கு என்ன லாபம்?

2004-ல் ஃபிரான்சஸ் என்ற புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தது. வால்மார்ட் நிறுவனம், சில வாரங்களுக்கு முன் அடித்த சார்லி புயலின்போது தன் கடைகளில் என்ன விற்றது என்று தோண்டிப் பார்த்தது. டார்ச் லைட் மாதிரிப் பொருட்களை யாரும் ஊகிக்கலாம். ஆனால் ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. சமைக்க வேண்டாம், கெட்டுப்போகாது, பிள்ளைகள் சாப்பிடும். உடனே லாரிகளில் அதை ஏற்றி அனுப்பினார்கள். கடைக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் வசதி. இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அடுத்த உதாரணம் கொஞ்சம் நெருடும். அமெரிக்காவின் டார்கெட் என்ற கடைச் சங்கிலி, சுமார் 25 பொருட்களை வாங்கும் விதத்தை வைத்தே ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்று ஊகிக்க ஒரு முறையை உருவாக்கியிருந்தது. வாசனை இல்லாத லோஷன், சில சத்து மாத்திரைகள் மாதிரியான சாதாரணப் பொருட்கள்தான். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் யாரும் கடையிடம் ‘நான் கர்ப்பமாக இருக்கிறேன்’ என்று சொல்லவில்லை. சொல்லாததையும் வடிவம் சொல்லிவிட்டது.

பாப்-டார்ட்ஸ் கதையில் ஊகம் தப்பினால் சில பெட்டிகள் மிஞ்சும், அவ்வளவுதான். கடன், வேலை, காப்பீடு என்று வரும்போது ஊகம் தப்பினால் நஷ்டம் கடைக்கு இல்லை. எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளுக்கு. எந்தப் பிழை யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

சரி, சீத்தா கேம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பத்து வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால், பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காய்கறிக் கடை, டீக்கடை, தையல் கடை எல்லாம் ரொக்கத்தில் ஓடின. ரொக்கம் தடயம் வைக்காது.

2016-ல் யுபிஐ வந்தது. இன்று தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது, பணம் வந்ததும் சின்னப் பெட்டி குரல் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள், காலையில் அதிகமா மாலையில் அதிகமா, மழைக்காலத்தில் எவ்வளவு படுத்தது, தொடர்ந்து எத்தனை நாள் கடை திறக்கவில்லை என அத்தனையும் இப்போது பதிவாகிறது. க்யூஆர் கொடுக்கும் நிறுவனங்கள் பலவும், வங்கிகளோடும் நிதி நிறுவனங்களோடும் சேர்ந்து இந்தப் பதிவை வைத்தே வியாபாரிகளுக்குக் கடன் ஏற்பாடு செய்கின்றன. தினமும் வரும் தொகையிலிருந்து தவணையைக் கழித்துக்கொள்ளும் முறையும் உண்டு.

இது ஒரு நல்ல மாற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, சொத்துப் பத்திரம் எதுவும் இல்லாதவருக்கு வங்கியின் கதவு ரொம்ப நாளாக மூடியே இருந்தது. கந்துவட்டிக்கும் தினவட்டிக்கும் போனவர்கள் அதனால்தான் போனார்கள். அப்படிப்பட்ட ஒருவர் ‘பாருங்க, என் கடையில தினம் இவ்வளவு வியாபாரம் நடக்குது’ என்று காட்ட முதல்முறையாக ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ முறையில், உங்கள் சம்மதத்தோடு ஒரு வங்கிக் கணக்கின் விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் காட்டவும் முடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கொரோனா காலத்தில் பெருகிய கடன் ஆப்கள் பல, போனில் இருக்கும் தொடர்பு எண்கள், போட்டோக்கள் வரை உருவிக்கொண்டன. தவணை தவறினால் உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்தின. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ன் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது, இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்று தெரிந்தது. சேமித்த தரவு கடன் கொடுக்க மட்டுமல்ல, மிரட்டவும் பயன்படும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நூறில் பத்துப் பேர்: வடிவம் எங்கே தவறுகிறது?

இனி கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறுவனம் தன் பழைய கணக்கைத் தோண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 100 பேரில் 5 பேர் கடனைத் திருப்பவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் 100 பேரில் 10 பேர். இதுவும் கற்பனைக் கணக்குதான். ‘இந்தப் பகுதியில் ஆபத்து இரண்டு மடங்கு’ என்று கம்ப்யூட்டர் சொல்லும். கணக்குப்படி அது சரி. நிறுவனத்தின் பார்வையில் அது பயனுள்ள வடிவமும்கூட.

இப்போது அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பகுதியில் 100-ல் 90 பேர் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். ‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்று அந்தப் பகுதியையே ஒதுக்கினால், 10 பேரைத் தவிர்க்க 90 பேருக்கு ‘இல்லை’ என்று சொல்கிறோம். வடிவம் கூட்டத்தைப் பற்றியது. தீர்ப்போ தனி மனிதர் மேல் விழுகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. கடன் கொடுத்தவர்களைப் பற்றித்தான் நிறுவனத்திடம் தரவு இருக்கும். மறுக்கப்பட்டவர் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா என்பது அந்தக் கணக்கில் ஒருநாளும் வராது. கதவு மூடியே இருப்பதால், மூடியது தவறு என்று நிரூபிக்கும் தரவு பிறப்பதே இல்லை. போதாததற்கு, மறுக்கப்பட்டவர் அதிக வட்டிக்கு வெளியே வாங்குவார். அந்தச் சுமையில் அடுத்த தவணை எங்கேயாவது தவறும். அது மட்டும் தரவில் ஏறும். ‘பார்த்தியா, அப்பவே சொன்னேனே’ என்று கம்ப்யூட்டர் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பின்கோடு ரொம்ப மொண்ணையான கத்தி. சீத்தா கேம்பின் பின்கோடு 400088. தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகத்தின் பின்கோடும் அதே 400088-தான். பேராசிரியர் குடியிருப்பும் பத்துக்குப் பத்து ரூமும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. இந்த இடம் இருக்கும் எம்-கிழக்கு வார்டுதான், 2009-ன் மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடம் பிடித்த வார்டு. ‘கடைசி வார்டு’ என்பது தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் நிலைமை பற்றிய தகவல். அங்கே குடியிருக்கும் ஒருவரின் நாணயத்துக்குப் போடும் மார்க் ஆகாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பலரும் ‘சிபில் ஸ்கோர்’ என்று சொல்லும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண், நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் வைத்துப் போடப்படுவது. உங்கள் முகவரி நல்ல ஏரியாவா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் கடன் கொடுக்கும் நிறுவனம் அந்த ஸ்கோரோடு நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மதிப்பீட்டு முறை வைத்திருக்கும். வேலை, வருமானம், வங்கிக் கணக்கின் போக்கு, இடம் எனப் பலதும் அதில் சேரலாம். எதற்கு எவ்வளவு எடை என்பது வியாபார ரகசியம். ஸ்கோர் நன்றாக இருந்தும் கடன் மறுக்கப்படுவது இதனால்தான்.

மதம், சாதி கேட்கவே இல்லையே, பிறகு எப்படிப் பாகுபாடு?

‘எங்கள் படிவத்தில் மதமோ சாதியோ கிடையாது, கம்ப்யூட்டருக்கு யாரும் வேண்டியவர் இல்லை’ என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை.

2016 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமேசான், அமெரிக்க நகரங்களில் ‘அன்றைக்கே டெலிவரி’ சேவையைக் கொடுத்த பகுதிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாஸ்டன் நகரத்தில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ராக்ஸ்பரி என்ற பகுதி மட்டும் விடுபட்டிருந்தது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கெல்லாம் சேவை இருந்தது. இனத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, வாடிக்கையாளர் எண்ணிக்கை, கிடங்கின் தூரம் போன்றவற்றைத்தான் பார்த்தோம் என்றது நிறுவனம். எதிர்ப்பு எழுந்த பிறகு விடுபட்ட பகுதிகளுக்கும் சேவை போனது.

இனத்தைக் கேட்காமலேயே இனம் வாரியாகப் பிரிந்த வரைபடம் எப்படி வந்தது? அமெரிக்க நகரங்களில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதே பழைய பாகுபாடு போட்ட கோடு. 1930-களில் கறுப்பினப் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து வீட்டுக்கடனுக்கு ‘ஆபத்தானவை’ என்று அரசு அமைப்பே வரைபடம் போட்டிருந்தது. இடத்தை வைத்து முடிவெடுத்தால் அந்தப் பழைய கோடு தானாக உள்ளே வந்துவிடும்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் ‘எதிர்மறைப் பகுதிகள்’ என்று குறித்து வைத்து, அங்கே கடனும் பிற வசதிகளும் எளிதில் கிடைக்காமல் செய்வதாக வந்த தகவல்களைப் பதிவு செய்தது. அன்றைக்கு அந்தப் பட்டியலை மனிதர்கள் போட்டார்கள். அந்தக் காலத்துக் கடன் கணக்குகளைக் கொடுத்து இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினால், பட்டியலை யாரும் போடாமலேயே அது திரும்ப உருவாகலாம். தமிழ் முஸ்லிம்களும் பிற சமூகத்தினரும் கலந்து வாழும் சீத்தா கேம்ப் மாதிரிப் பகுதிகள் இதில் அசட்டையாக இருக்க முடியாது.

எந்த நிறுவனம் எந்தப் பின்கோடுக்கு என்ன எடை போடுகிறது என்பது வெளியே சொல்லப்படுவதில்லை. அண்ணாச்சி ‘கடன் கிடையாது’ என்றால், ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டுச் சண்டை போடலாம். பழைய பாக்கி எவ்வளவு என்று நோட்டைக் காட்டச் சொல்லலாம். ஆப்பிடம் சண்டை போட முடியாது. அந்த நோட்டு உங்கள் கண்ணுக்கே வராது.

பெயரும் முகவரியும் செய்யும் வம்பு

கணக்குச் சரியாக இருந்தாலும், உள்ளே போகும் தகவல் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? மும்பைத் தமிழர்களுக்கு இது நன்றாகப் பழகிய தலைவலி.

நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. மும்பையில் எந்தப் படிவமும் ‘சர்நேம்’ கேட்கும். ஒரு இடத்தில் அப்பா பெயரைப் போடுவோம், இன்னொரு இடத்தில் இனிஷியலை விரித்து எழுதுவோம், வேறொரு இடத்தில் ஊர்ப் பெயர் ஏறியிருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி. மனிதர் பார்த்தால் ‘ஒரே ஆள்தான்’ என்று புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆளாகத் தெரியலாம். அல்லது, வேறொருவரின் கடன் உங்கள் பெயரில் வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

முகவரியும் அப்படித்தான். சீத்தா கேம்பில் செக்டர் எழுத்து, லைன், ரூம் நம்பர்தான் முகவரி. படிவமோ கட்டடத்தின் பெயரும் தெருவின் பெயரும் கேட்கிறது. ‘சீத்தா’ என்பதையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கு டேட்டா க்ளீனிங் என்று பெயர். டேட்டா மைனிங்கில் நேரத்தை அதிகம் விழுங்குவதே இந்த வேலைதான். அதைச் சரியாகச் செய்யாத இடத்தில், ஒழுங்கான முகவரி இருக்கிறவர் ‘சரிபார்க்கப்பட்டவர்’ ஆகிறார். உங்கள் விவரம் பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது.

மோசடியைப் பிடிக்கும் வடிவங்களிலும் இந்த ஆபத்து உண்டு. திருட்டுப் பணத்தைக் கைமாற்றப் பயன்படும் வங்கிக் கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே ‘மியூல்ஹன்டர்’ என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. தேவையான வேலைதான். ஆனால் கடைக்காரர் தன் க்யூஆருக்கு யார் பணம் அனுப்புகிறார்கள் என்று எப்படி விசாரிப்பார்? மோசடிப் பணத்தில் ஒரு சின்னத் தொகை தங்கள் கணக்குக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கே முடக்கப்பட்டதாகக் கேரளத்தில் சிறு வியாபாரிகள் 2023-ல் வரிசையாகப் புகார் செய்தார்கள். பெரிய நிறுவனத்துக்கு நாலு கணக்கு இருக்கும். தள்ளுவண்டிக்காரருக்கு ஒண்ணுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் தவறு.

• வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2003-ல் கொடுத்த நியாய நடைமுறை விதி, கடன் கொடுப்பதில் பாலினம், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கடன் மறுக்கப்பட்டால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது, 2007-லிருந்து தொகை வரம்பின்றி எல்லாக் கடன்களுக்கும் பொருந்தும். 
• 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் ஆப்கள் உங்கள் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவு, போட்டோ, கோப்புகளைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை, கணக்குத் தொடங்கும் தேவைக்கு மட்டும் பயன்படுத்தலாம். 2025 மே மாதம் இந்த விதிகள் திருத்தி ஒருங்கிணைக்கப்பட்டன.
• தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். எந்தத் தரவு எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்குவது, தப்பைத் திருத்தச் சொல்லும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை எல்லாம் அதில் உண்டு.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தச் சட்டம் உங்கள் தரவைப் பற்றிப் பேசுகிறது. அந்தத் தரவிலிருந்து உங்களைப் பற்றி ஒரு கம்ப்யூட்டர் என்ன முடிவுக்கு வந்தது, எப்படி வந்தது என்று விளக்கம் கேட்கும் உரிமையைத் தெளிவாகக் கொடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் முக்கியமான முடிவுகளில் மனிதர் தலையிட வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. நமக்கு அது இன்னும் இல்லை.

நீங்கள் இப்போதே என்ன செய்யலாம்?

• வருஷத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாக வாங்கிப் பாருங்கள். ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் தலா ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
• தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரலில் அமலான விதி இது.
• வங்கி கடன் மறுத்தால் ‘காரணத்தை எழுதிக் கொடுங்க’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.
• ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். முகவரியையும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கோர்வையில் எழுதுங்கள்.
• கடன் ஆப் தொடர்பு எண்களைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒழுங்கான நிறுவனத்தோடு இணைந்த ஆப்தானா என்று பார்க்க, ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் 2025 ஜூலையிலிருந்து பட்டியல் இருக்கிறது. மிரட்டல் வந்தால் 1930-க்கு அழையுங்கள்.

எண்ணுவது யார் கையில்?

கடைசியாக, சீத்தா கேம்பின் சொந்த வரலாற்றிலிருந்து ஒன்று.

1976-ல், அவசரநிலைக் காலத்தில், டிராம்பேயில் அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய சேற்று நிலம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அந்த வெளியேற்றத்தை எதிர்த்து முன்னே நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காக மும்பை வந்த தமிழர். பிறகு தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பியவர். 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018-ல் காலமானார்.

அவரும் அவரோடு கைகோத்த ஸ்பார்க், மகிளா மிலன் அமைப்புகளும் போராட்டத்தோடு இன்னொரு ஆயுதத்தையும் எடுத்தார்கள்: கணக்கெடுப்பு. 1985-ல் ஸ்பார்க் மும்பை நடைபாதைவாசிகளில் சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டது. எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் எண்களாக வந்தபோது, ‘நேற்று வந்து ஆக்கிரமித்தவர்கள்’ என்ற பேச்சு நிற்கவில்லை. பிறகு குடிசைப் பகுதி மக்கள் தங்களைத் தாங்களே எண்ணுவது ஒரு இயக்கமாகவே ஆனது. இந்தியாவைத் தாண்டிப் பல நாடுகளுக்கும் போனது. மகிளா மிலன் பெண்கள் வீடு வீடாகப் போய் அஞ்சும் பத்துமாகச் சேமிப்பு வாங்குவார்கள். ஒரு வீட்டில் ரெண்டு நாள் பணம் வரவில்லை என்றால், அது அவர்களுக்கு ‘ஆபத்தான வாடிக்கையாளர்’ என்று அர்த்தம் ஆகாது. அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, என்னன்னு போய்ப் பார்க்கணும் என்று அர்த்தம்.

அதுவும் தரவுதான், அதுவும் வடிவம்தான். யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், எண்ணியதை யாரிடம் காட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் க்யூஆர் அட்டையில் சேர்வது நீங்கள் உழைத்த கணக்கு. அதில் உங்களுக்கு எதிராக ஒரு முடிவு எடுக்கப்பட்டால், கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு யாரிடமும் தயங்க வேண்டியதில்லை. இந்த வருஷத்துக்கான இலவசக் கடன் அறிக்கையை வாங்கிவிட்டீர்களா?